ரெசினில் ஒட்டிய ரத்தம்

1

ஜெர்மனியில் உண்ணி கடித்தால் அது வீட்டு விஷயம் அல்ல, ஊர் விஷயம். போன வாரம் மகள் ரூத்தின் வகுப்பைக் காட்டுக்கு நடக்கக் கூட்டிப்போனார்கள். துணைக்குப் பெற்றோர் வேண்டும் என்றார்கள், நானும் போனேன். பாதி வழியில் ரூத்தின் கெண்டைக்காலில் கடுகளவு ஒரு உண்ணி. ஆசிரியை மொத்தக் கூட்டத்தையும் நிறுத்தினார். உண்ணி எடுப்பதற்கென்றே செய்த ஒரு பிளாஸ்டிக் தகடு பையிலிருந்து வந்தது, கையுறை வந்தது, மருந்துப் பஞ்சு வந்தது. இத்தனையும் வருவதற்குள் நான் குனிந்து, நகத்தால் அதைக் கிள்ளி எடுத்து, ஷூவால் தேய்த்துவிட்டேன்.

ஒரு கொலை நடந்த இடத்தில் நிற்பதுபோல எல்லாரும் நின்றார்கள். கடித்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட வேண்டுமாம். டாக்டரிடம் காட்ட வேண்டுமாம். பள்ளியின் விபத்துப் பதிவில் ஏற்ற வேண்டுமாம். இறுக்கத்தைக் குறைக்கலாமே என்று நான் வாயைத் திறந்தேன். எங்கள் ஊரில் மழைக்காலம் முழுக்க அட்டைகள் எங்கள் ரத்தத்தைக் குடிக்கும், நாங்கள் இப்படியெல்லாம் கூட்டம் கூட்டுவதில்லை என்று சொல்ல நினைத்தேன். ஜெர்மன் மொழியில் யார் யாரைக் குடிக்கிறார் என்பதை மாற்றிச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரூத் மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது டிராமில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், ஜெர்மன் மொழியில்தான் சொன்னாள். "இனிமே வர்றதா இருந்தா வா. ஆனா பேசாத." எட்டு வயதில் வந்தவள். இப்போது பன்னிரண்டு. தமிழில் கேட்டால் ஜெர்மன் மொழியில் பதில் வரும், அதுவும் வந்தால்தான்.

அவள் டிராமில் உட்கார்ந்திருப்பதே அட்டைகளின் தயவில்தான் என்பது அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. இங்கே வந்து நாலு வருஷம் முடிகிற இந்த மாதத்தில் அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் இருந்து படிக்கிறவர்கள் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பிக்க வேண்டாம்.

2

என் பிழைப்பு என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ரத்தம் சிவப்பாக இருப்பதற்குக் காரணம் ஹீம் என்ற ஒரு சின்னப் பொருள். அதன் நடுவில் ஒரு இரும்பு அணு. சிவப்பணுவுக்குள் அடைபட்டு இருக்கும்வரை அது சாது. வெளியே வந்துவிட்டால் விஷம், தொட்ட இடத்தை அரிக்கும். அப்படி வெளியே வந்த ஹீமைப் பிடித்து வைக்க உடம்பில் சில புரதங்கள் உண்டு. அந்தப் புரதங்களை ஒரு கலவையிலிருந்து தனியாகப் பிரித்தெடுக்கிற வேலை எனக்கு.

முறை எளிதுதான். கடற்பாசியிலிருந்து செய்த, ரவை போன்ற மணிகள். ஊரில் பால் ஊற்றிச் செய்கிற கடல்பாசி ஜெல்லிக்கு ஒன்றுவிட்ட தம்பி. அந்த மணிகளில் ஹீமைக் கட்டி வைத்து விற்கிறார்கள், ரெசின் என்போம். காப்பித்தூள் நிறத்தில் இருக்கும். விரல் பருமனுள்ள கண்ணாடிக் குழாயில் அதை நிரப்பி மேலே கலவையை ஊற்றினால், ஹீமைப் பிடிக்கத் தெரிந்த புரதம் மணியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். மற்றதெல்லாம் கீழே வழிந்துவிடும். அடுத்து உப்புத் தண்ணீர். சும்மா ஒப்புக்கு ஒட்டிக்கொண்டிருந்ததெல்லாம் உப்புக்குக் கழன்றுவிடும். கடைசியாக அமிலம் விட்டால், உண்மையாகப் பிடித்திருந்தது வேறு வழியில்லாமல் கையை விடும். அதைக் குப்பியில் பிடித்துக்கொள்வோம்.

எங்கள் ஆய்வகத் தலைவி ஹைக்கெ. முதல் நாளே "என்னை நீ என்று கூப்பிடு" என்றார். இந்த மொழியிலும் நீ, நீங்கள் உண்டு. எஸ்டேட் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, சூப்பர்வைசர் வீட்டு நாயைக்கூட மரியாதையோடு விரட்டி வளர்ந்தவனுக்கு அது வாயில் வரவில்லை. வந்த பிறகு, சிநேகிதம் என்று நம்பிவிட்டேன்.

ஹைக்கெவுக்கு ஒரு கேள்வி இருந்தது. அட்டை ஒரு தடவை வயிறு முட்டக் குடித்தால் மாதக்கணக்கில் அதை வைத்து வாழ்கிறது. அத்தனை ஹீம் வயிற்றுக்குள் வெளிவந்தும் அது ஏன் சாவதில்லை? எந்தப் புரதம் அதைக் காப்பாற்றுகிறது? அதைக் கண்டுபிடிக்கத்தான் என் ஒப்பந்தம். புரதம் கிடைத்தால் ஒப்பந்தம் நீளும். ஒப்பந்தம் நீண்டால் குடியிருப்பு அனுமதி நீளும். அனுமதி நீண்டால்தான் ரூத்துக்குப் பள்ளி, மனைவி ஸ்டெல்லாவுக்கு முதியோர் இல்லத்து வேலை, எங்களுக்கு வீடு. நிரந்தரமாகத் தங்க மொழித் தேர்வு ஒன்று உண்டு. எழுத்தில் தேறிவிட்டேன், பேச்சில் விழுந்துவிட்டேன். வெளிநாட்டவர் அலுவலகத்து அதிகாரி என் கோப்பை மூடிக்கொண்டே சொன்னார், "உங்களை வைத்திருக்க உங்கள் தலைவிக்கு விருப்பம் இருக்கும்வரை எங்களுக்கு ஆட்சேபணை இல்லை." கடையில் திருப்பிக் கொடுக்கிற சாமானைப் பற்றிப் பேசுகிற குரல்தான்.

3

ஊர் நினைவுகளைக் கொஞ்சம் எழுது என்று கேட்பார்கள். எனக்கு ஊர் என்றால் கணுக்காலில் காய்ந்த ரத்தம். இடுக்கியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஏலக்காய்த் தோட்டம். அப்பா அம்மா இரண்டு பேரும் அங்கேதான் வேலை செய்து அங்கேதான் போனார்கள். அக்கா பாக்கியம் என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். ஏலப்பழம் எடுக்கப் போய்விட்டு மாலையில் வந்து, லயத்து வாசலில் நின்று சேலையை முழங்கால்வரை தூக்கி, ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போடுவாள். உப்பும் புகையிலையும் கட்டின துணி முடிச்சு ஒன்று கையில் இருக்கும். தொட்டால் அட்டை சுருண்டு விழும். விழுந்த பிறகும் கடிவாய் வடிந்துகொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை கட்டிக் கோயிலுக்குப் போனால், பாதிப் பிரசங்கத்தில் சேலையில் பூப்போட்டிருக்கும். இதில் ஏங்குவதற்கு என்ன இருக்கிறது?

ஹைக்கெ கேட்டது எங்கள் ஊர் அட்டை. அதுவும் ரத்தம் குடித்து சில வாரம் ஆனது. வயிற்றுப் புரதம் குடித்த பிறகுதான் ஊறும் என்பது அவர் கணிப்பு. அனுப்புவதற்கு அனுமதி வாங்கிய கதையைச் சொன்னால் தனிப் புத்தகம் ஆகும். நம் பக்கத்து அலுவலகத்தில் ஒரு பெரியவர், அட்டை மீன் கணக்கா பூச்சிக் கணக்கா என்று கேட்டு, இரண்டும் இல்லை என்றதும், "அப்ப அது நம்மட வகுப்பில்லா" என்று, தன் துறை இல்லை என்ற அர்த்தத்தில் சொல்லி, கோப்பை வேறு மாடிக்கு அனுப்பிவிட்டார். அது ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. ஊருக்குப் பக்கத்துக் கல்லூரி ஒன்று அட்டைகளை வாங்கி, உறையவைத்து, முத்திரை போட்டு அனுப்ப ஒப்புக்கொண்டது. அனுமதிக்கு ஒரு கடைசித் தேதியும் போட்டிருந்தார்கள்.

பிடிப்பதற்கும் குடிக்க வைப்பதற்கும் ஆள் வேண்டும். பாக்கியம் அக்காவைக் கேட்டேன். கறிக்கடையில் மாட்டு ரத்தம் வாங்கு, வெதுவெதுப்பாக்கு, கழுவின குடல்தோலில் கட்டித் தொங்கவிடு, அட்டை அதில் கடித்துக் குடிக்கும் என்று போனில் விளக்கினேன்.

"ஏலே, நாப்பது வருசமா இத ஒழிக்கத்தான் கூலி வாங்குனேன்," என்றாள் அக்கா. "இப்ப நீ இதுக்கு விருந்து வைக்கச் சொல்லுத. ஜெர்மனியில படிச்சவன் எல்லாம் இப்படித்தானா?"

"என் வேலை இதுலதான் இருக்குக்கா."

"அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான."

தேதி தவறாமல் அட்டைகள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் திராட்சைபோல உப்பி இருந்தது. ஹைக்கெ பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார். "உன் அக்கா ஒரு மேதை," என்றார்.

4

குளிர் அறையில் கோட்டு மாட்டிக்கொண்டு வேலை. அட்டை வயிற்றை அரைத்து, சுழற்றி, தெளிந்த சாற்றை ரெசின் குழாயில் விட்டேன். பக்கத்திலேயே இன்னொரு குழாய், அதில் ஹீம் கட்டாத வெறும் மணிகள். ஏதாவது ஒன்று வெறும் மணியிலும் ஒட்டினால் அது போலி, தள்ளிவிடலாம். உப்புத் தண்ணீர் விட்டேன். இரண்டு மடங்கு உப்புப் போட்டும் விட்டேன். வெறும் குழாயில் ஒன்றும் தங்கவில்லை. ஹீம் குழாயில் ஒன்று மட்டும் உப்புக்கு மசியாமல் நின்றது. அமிலத்துக்குத்தான் இறங்கி வந்தது. புரதங்களைத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டுகிற ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால், பட்டை ஒன்றே ஒன்று, கரிக்கோடு போட்ட மாதிரி.

இந்த வேலையில் ஒரு பட்டை மட்டும் வருவது என்பது கல்யாணச் சாப்பாட்டில் முதல் பந்தி கிடைப்பதுபோல. ஹைக்கெ கேக் வாங்கி வந்தார். ஒப்பந்தத்தை நீட்டச் சொல்லி அன்றைக்கே நிர்வாகத்துக்கு எழுதிவிட்டார். ஸ்டெல்லா வீட்டில் பாயசம் வைத்தாள். அவள் கொழிஞ்சாம்பாறைக்காரி, சந்தோஷத்தையும் சந்தேகத்தோடுதான் பரிமாறுவாள். "ஏனுங்க, கையில காயிதம் வந்தப்பறம் பாயசம் வெச்சிருக்கலாமுங்களோ?" என்று கேட்டுக்கொண்டே ஊற்றினாள்.

பட்டையை வெட்டி, அது என்ன புரதம் என்று எடை பார்த்துச் சொல்கிற கருவிக்கு அனுப்பினோம். பதில் வந்த காலையில் ஹைக்கெ என்னைக் கூப்பிட்டார். திரையில் புரதத்தின் பெயர் இருந்தது. ஹீமோபெக்சின். ஹீமைப் பிடிக்கிற புரதங்களில் அதன் பிடிக்கு நிகரில்லை. பக்கத்துக் கட்டத்தில் எந்த உயிருடையது என்று இருந்தது. மனிதன்.

"கையுறை போடாமல் தொட்டாயா?" என்றார் ஹைக்கெ.

"இல்லை."

"தும்மினாயா? காயம் ஏதாவது? உங்கள் ஊரில் இதையெல்லாம் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்களோ எனக்குத் தெரியாது."

தோலில் இந்தப் புரதம் இவ்வளவு இருக்காது என்று சொன்னேன். இது ரத்தத்தில் ஓடுவது, பட்டை முழுக்க வருகிற அளவுக்குத் தும்ம ஒருவராலும் முடியாது. சொல்லிக்கொண்டு இருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. மாட்டு ரத்தம் குடித்த அட்டையில் மாட்டுப் புரதம் அல்லவா வர வேண்டும். வெளியே வந்து, மாடிப்படியில் நின்று அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அட்டைக்கு என்ன ரத்தம் குடுத்த?"

"ஏன், செத்துப் போச்சா?"

"என்ன ரத்தம்னு கேக்கேன்."

"நீ சொன்னபடிதாம்ல செஞ்சேன். தோலுல கட்டித் தொங்கவிட்டேன். ஒண்ணாவது மோந்து பாக்கணுமே! எல்லாம் மூலையில போய்ச் சுருண்டுகிட்டு. காலேஜ்காரன் தேதி போவுதுன்னு நித்தம் போன்ல விளிக்கான். நான் என்ன செய்ய? சேலையத் தூக்கி வாளிக்குள்ள கால விட்டேன்."

"உன் காலையா?"

"பின்ன உன் மாமியா காலயா? ஒரே நாள்ல முடியல. கொஞ்சம் கொஞ்சமா வுட்டேன்."

எத்தனை நாள் என்று கேட்டேன். அதையெல்லாம் யார் எண்ணினார்கள் என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். படியில் இறங்கிப் போன இரண்டு மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொன்னா வேண்டாம்பே. வேண்டாம்னா உன் வேல போவும். வேல போனா இங்க வருவே. வந்து? ஏலப்பழம் எடுப்பியா? உன்னால ஒரு கட்டு வெறகு தூக்க முடியுமால?" கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஆஸ்பத்திரி நர்ஸ் சேச்சி ரத்தம் கொறவுன்னு இரும்பு மாத்திரை தந்திருக்கா. அத முழுங்கிட்டுத்தான் வுட்டேன். அட்டைக்கும் சத்து போயிருக்கும். அதான் அப்படி உப்பிக் கெடந்துச்சு."

சிரித்தாள். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு அட்டை இவ்வளவு குடிக்கும், மொத்தம் இத்தனை அட்டை, கடிவாயில் வடிந்தது இவ்வளவு. ரத்த தானத்தில் எடுப்பதைவிடக் குறைவுதான், உயிருக்கு ஒன்றுமில்லை. கணக்கு சரியாக வந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி வந்ததற்காக என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

5

ஹைக்கெவிடம் உண்மையைச் சொன்னேன். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திரையைத் தன் பக்கம் திருப்பி, "எவ்வளவு நாள் முன்னால் குடித்தது?" என்றார். சில வாரங்கள் என்றேன். "வயிற்றுக்குள் போன மற்றப் புரதமெல்லாம் செரித்துவிட்டது. இது மட்டும் செரிக்கவில்லை. அப்படியென்றால் அட்டை இதை வேண்டுமென்றே வைத்துக்கொள்கிறது!" அவர் முகம் சிவந்துவிட்டது. அட்டைக்குச் சொந்தமாகக் காவல் புரதம் வேண்டியதில்லை, குடித்த ஆளின் காவலையே திருடி வைத்துக்கொண்டு பிழைக்கிறது. யாரும் இதுவரை சொல்லாத விஷயம். அக்காவின் ரத்தம் ஒரு நிமிஷத்துக்கு முன் அழுக்கு, இப்போது கண்டுபிடிப்பு.

ஒரே ஒரு தடை. மனித ரத்தம் என்றால் நெறிமுறைக் குழு. கொடுத்தவரின் சம்மதம் இல்லாமல் எடுத்த மனிதப் பொருளை வைத்திருப்பதே குற்றம். பின்னால் வாங்குகிற சம்மதத்தை ஏற்கலாமா என்று குழு யோசிக்கும், அதுவும் இந்த ஒரு தடவைக்கு. ஏற்றுக்கொண்டால் வேலை தொடரும், என் ஒப்பந்தம் தொடரும். மறுத்தால் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். என் நாலு வருஷம், ரூத்தின் பள்ளி, எல்லாம் அக்கா வாயிலிருந்து வரப்போகிற ஒரு சொல்லில் வந்து நின்றது.

சம்மதப் பத்திரம் கொடுப்பவரின் தாய்மொழியில் இருக்க வேண்டும் என்பது விதி. குழுவின் அலுவலர் வரைபடத்தைப் பார்த்துக் கேரளம், மலையாளம் என்று குறித்துக்கொண்டார். தமிழ் என்றேன். "கேரளத்தின் மொழி மலையாளம் என்று இருக்கிறதே," என்றார். எல்லை என்று ஒன்று இருக்கிறது, மொழி அதில் நின்று சோதனை கொடுத்துவிட்டுப் போவதில்லை என்று விளக்கினேன். அவர் நான் சொன்னதைக் குறித்துக்கொண்டு, மலையாளத்திலேயே அனுப்பினார். அக்கா எஸ்டேட் பள்ளியில் தமிழில் ஐந்து வரை படித்தவள். மலையாளம் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவாள், ஒரு எழுத்து வாசிக்கமாட்டாள்.

வாசிக்காதவர் என்று தெரிந்ததும் நேர்காணல் வைப்பது என்று ஆயிற்று. கல்லூரி அறையில் அக்காவை உட்கார வைத்து, வீடியோவில் இங்கிருந்து கேட்பார்கள், இங்கே படிக்கிற ஒரு மலையாளி மாணவி மொழிபெயர்ப்பாள். நான் அறையில் இருக்கக்கூடாது. அதுவரை அக்காவோடு போனில் பேசவும் கூடாது. பேசினால் அழுத்தம் கொடுத்ததாக ஆகிவிடும் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

"ஏனுங்க, நங்கையாகிட்ட ரெண்டு வார்த்த சொல்லி வெச்சுப்போடலாமுங்களே," என்றாள் ஸ்டெல்லா. கணவனின் அக்காவை அவள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "என்ன கேப்பாங்க, என்ன சொல்லோணும்னு தெரியாம அவங்க பாட்டுக்கு எதாச்சும் சொல்லிப்போட்டா?"

"பேசக்கூடாதுன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க."

"நான் பேசறனுங்க. எம் பேரு அந்தக் காயிதத்துல இல்லியே."

வேண்டாம் என்றேன். தெரிந்தால் மொத்தமும் போய்விடும் என்று பயம். அதைவிட, விதியை மீறாதவன் என்ற பெயர் எனக்கு இங்கே ரொம்ப முக்கியமாகப் போய்விட்டது. ஸ்டெல்லா கோட்டை எடுத்து மாட்டினாள். "இந்த ஊர்க்காரங்க தோத்துப் போகோணும் உங்ககிட்ட," என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

அந்த நாட்களில் அக்கா தினமும் கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை.

6

நேர்காணலின் எழுத்துப் படியை ஹைக்கெதான் காட்டினார். ஆரம்பமெல்லாம் அருமையாக இருந்தது. ரத்தம் கொடுத்தது தெரியுமா? தெரியும். வலித்ததா? பழகின வலி. அதை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாமா? தாராளமாக. யாராவது கட்டாயப்படுத்தினார்களா? என்னைக் கட்டாயப்படுத்த இனி ஒருத்தன் பிறக்க வேண்டும். அக்காவின் குரல் அந்த வறட்டு ஜெர்மன் வரிகளிலும் கேட்டது.

கடைசிக் கேள்வி இது. உங்கள் தம்பியின் வேலை இதைச் சார்ந்து இருக்கவில்லை என்றால், நீங்கள் இதைச் செய்திருப்பீர்களா?

அக்கா மலையாளத்தில் சொன்ன பதிலை மாணவி அப்படியே எழுதி வைத்திருந்தாள். "எனிக்கெந்தா பிராந்துண்டோ?" எனக்கென்ன பைத்தியமா என்று அர்த்தம். ஜெர்மன் மொழியில் அது இப்படி ஆகியிருந்தது: வேறு சூழ்நிலையில் இதற்குச் சம்மதிக்க மனநலம் குன்றியிருந்தால்தான் முடியும் என்று கொடுத்தவர் தெரிவிக்கிறார். தம்பிக்காக மட்டுமே கொடுத்தார், அவன் பிழைப்பு போய்விடும் என்ற பயத்தில் கொடுத்தார், எனவே இது சுயவிருப்பம் ஆகாது என்று குழு முடிவு எழுதிவிட்டது.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அக்காவைக் காப்பாற்றுவதாகத்தான் நம்பினார்கள். வாளிக்குள் கால் விட்டபோது யாருக்கும் இல்லாத அக்கறை அது. அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. யாரையாவது திட்டலாம் என்று பார்த்தால், மேசையைச் சுற்றி எல்லாரும் நியாயவான்களாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

மறுநாள் ஹைக்கெவிடமிருந்து மின்னஞ்சல். ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது, என் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். நாலு வருஷத்தில் முதல்முறையாக என்னை நீங்கள் என்று எழுதியிருந்தார். வெளிநாட்டவர் அலுவலகத்தில் வேறு வேலை தேடக் கொஞ்ச காலம் கொடுத்திருக்கிறார்கள். ரூத்திடம் ஊருக்குப் போக வேண்டி வரலாம் என்று சொன்னோம். "எந்த ஊருக்கு?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

இன்று காலை கடைசி வேலை. சுத்தம் செய்த புரதம் இருந்த குப்பிகள், மீந்த அட்டைச் சாறு, பிடித்து வைத்திருந்த ரெசின், எல்லாவற்றையும் மனிதப் பொருளுக்கான பையில் போட்டுக் கட்டினேன். இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். நான் ஒன்று போட்டேன், பின்னால் நின்ற ஹைக்கெ ஒன்று போட்டார். நீராவிப் பெட்டியின் கதவைப் பூட்டிச் சூடேற்றினேன். முடிந்து திறந்தபோது வெந்த ரத்தத்தின் வாசனை வந்தது. ஹைக்கெ மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்குப் பசித்தது, அதுதான் உண்மை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கூப்பிட்டாள். இந்தத் தடவை எடுத்தேன்.

"எடுத்துட்டியா தொரை," என்றாள். "செத்துட்டேன்னு நெனச்சியா? உங்க ஆளுக எல்லாரும் கேள்வி கேட்டாவ. நான் நல்லா அடிச்சுச் சொல்லியாச்சு, என் தம்பிக்குத்தான் குடுத்தேன், வேற எந்தப் பயலுக்கும் ஒரு சொட்டுத் தரமாட்டேன்னு. வேல ஒறப்பாயிட்டாலே?"

"இல்லக்கா. வேல போயிட்டு."

"ஏன்?"

பூசி மெழுகித்தான் சொல்ல நினைத்தேன். நாலு வருஷமாக எல்லாரிடமும் பூசி மெழுகி அலுத்துப்போயிருந்தது. "நீ சொன்ன பதிலாலதான்," என்றேன். "எனக்காகக் குடுத்தேன்னு சொன்னேல்ல. அதனால அது செல்லாதாம்."

அந்தப் பக்கம் தகரக் கூரையில் மழை விழுவது கேட்டது.

"உள்ளதத்தானல சொன்னேன்."

"ஆமா."

"பொய் சொல்லிருந்தா உன் வேல இருந்திருக்கும்."

"ஆமாக்கா."

"அத ஒரு போன் போட்டுச் சொல்லிருந்தா நான் சொல்லிருப்பேனே. எத்தன தடவ விளிச்சேன்?"

அவள் குரல் உடையவில்லை, கறிக்கடையில் எடை குறைவு என்று சண்டை போடுகிற குரல்தான். "சரி. அவனுகளுக்கு வேண்டாம்னா வேண்டாம். அந்த ரத்தம் என் சாதனம், திருப்பி அனுப்பச் சொல்லு."

"அழிச்சாச்சுக்கா."

"என்னைக்கு?"

"இன்னைக்குக் காலையில."

"எந்தப் பாவி அழிச்சான்?"

"நான்தான்," என்றேன்.